பரதர் ஏந்திய மான்குட்டி

இரக்கம் கொள்வது தர்மம் என்பதில் ஐயமில்லை. அவ்விரக்கமே ஒருவரைக் கட்டும் தளையாவது எந்த இடத்தில்? ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் இதனை ஒரு மான்குட்டியை முன்னிட்டு ஆராய்கிறது. ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் இரண்டாம் அம்சத்திலும் இச்சரிதம் உண்டு.

ரிஷபதேவரின் குமாரரான பரத சக்ரவர்த்தி, ராஜ்யத்தைப் புத்திரர்களிடம் ஒப்புவித்து, கண்டகீ நதி தீரத்தில் புலஹாசிரமத்தில் பகவதாராதனம் செய்து வந்தார். ஸாளக்ராம மூர்த்திகள் கிடைக்கும் நதி அது. நேபாள தேசத்து முக்திநாதரை ஸேவிக்கச் சென்ற அடியார்கள் அதனை அறிவர். ஒருநாள் நீரருந்த வந்த கர்ப்பிணி மான், சிங்கத்தின் கர்ஜனை கேட்டு அஞ்சித் தாவிற்று. கர்ப்பம் நழுவி வெள்ளத்தில் விழுந்தது, தாய் மாண்டது. மிதந்து சென்ற குட்டியைப் பரதர் எடுத்து வந்தார்.

இதுவரை தோஷமில்லை. எடாதிருந்தாலன்றோ தோஷம்! பிறகு நிகழ்ந்ததே விசாரத்திற்குரியது. புல் கொணர்வதும், ஓநாய்களினின்று காப்பதும், தடவிக் கொடுப்பதுமாய் நாட்கள் கழிய, நியமங்கள் ஒவ்வொன்றாய் நழுவின. "சரணமடைந்ததைக் கைவிடலாகாது" என்று அவர் தமக்குத் தாமே நியாயமும் கூறிக்கொண்டார். மோஹம் தர்மத்தின் உடையை அணிந்து வருவது இப்படித்தான். விபீஷணனுக்கு அபயமளித்த பெருமாள் அவனைத் தம்முடனேயே வைத்துக்கொள்ளவில்லை. இலங்கைக்கு அரசனாக்கி, அவனுக்குரிய இடத்திற்கு அனுப்பினார். பரதரோ கால் ஊன்றிய மானைக் காட்டிற்கு விடவில்லை.

மானின் பக்ஷத்திலிருந்தும் இதைக் காணவேண்டும். தாய்மான் குட்டியைப் புதரில் மறைத்துவிட்டு மேயச் செல்வது இயல்பு. குட்டி அசையாமல் கிடக்கும். அதனை அநாதை என்றெண்ணித் தூக்கி வருவோர், தாயிருக்கும் பிள்ளையைத் தாயற்றதாக்குகின்றனர். பரதர் கண்டது தாய் மாண்ட குட்டி. அந்த நியாயம் இவர்களுக்குக் கிடையாது. வளர்ந்த காட்டுமானைப் பிடித்து அடக்கினால், அச்சத்தாலும் திமிறலாலும் அதன் தசைகளே சிதைந்து, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ அது இறந்துவிடக்கூடும். விட்டபோது ஓடிவிட்டதே என்று மகிழ்ந்தவர் அதன் முடிவைக் காண்பதில்லை. மலைத்தலங்களுக்குச் செல்லும் வழியில் மானுக்கு அன்னம் வாரி இடுவோரும் உளர். புல்லும் தழையும் தின்று பழகிய வயிற்றில் திடீரென மிகுதியான தானியம் சேர்ந்தால் அது புளித்து உயிருக்கே கேடாகும்.

கையில் வளர்ந்த ஆண்மானிடம் வேறோர் அபாயம். கண்மூடித் தியானிப்பதாய்ப் பாவனை செய்த தம்மை, நீர்த்துளி போன்ற மெல்லிய கொம்பு நுனியால் அது தீண்டி விளையாடியதைப் பரதர் நினைந்து உருகுகிறார். அக்கொம்பு என்றும் மெல்லியதாயிராது. இணை தேடும் பருவத்தில், மனிதரிடம் அச்சம் நீங்கிய மான், வளர்த்தவரையே போட்டியாளராகக் கொண்டு குத்தும். நம் நாட்டில் காட்டுமானைப் பிடிப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. அடிபட்ட மானைக் கண்டவர், தொடாமல் விலகி நின்று வனத்துறையினருக்கு அறிவிப்பதே அதற்குச் செய்யும் உபகாரம்.

பரதருக்கு அந்திம காலத்தில் மானே நினைவில் நின்றது, மானாய்ப் பிறந்தார். இத்தனை ஆராதனமும் வீணாயிற்றோ எனில், இல்லை. பூர்வஜன்ம ஸ்மரணம் அழியவில்லை. காலஞ்ஜர மலையில் தாயை விட்டு நீங்கி, மீண்டும் புலஹாசிரமத்தையே அடைந்து, எவருடனும் சேராமல், உலர்ந்த சருகுகளைத் தின்று காலத்தை எதிர்நோக்கியிருந்து, கண்டகீ தீர்த்தத்தில் நனைந்தபடி அவ்வுடலை விட்டார்.