அறிவு மங்கியபின் ஒருவரின் வாக்கு

ஒருவர் தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரம், இந்தியச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தத் தெளிவோடு இருக்கும்வரையே செல்லும். அவர் இறந்தாலும் சித்தத் தெளிவை இழந்தாலும் முகவரின் அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு. உயிலோ இறந்தபின்தான் நடைமுறைக்கு வரும். இவ்விரண்டுக்கும் நடுவே, மூச்சு இருந்தும் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்க இயலாத காலம் ஒன்று உண்டு. மறதிநோயும் பக்கவாதமும் தலைக்காயமும் மனிதரை அங்கே கொண்டு நிறுத்துகின்றன. அந்தக் காலத்தில் எதை அவருடைய வாக்காகக் கொள்வது, அதைச் சொல்லும் உரிமை யாருக்கு, சொல்பவரை எந்த அறம் கட்டுப்படுத்தும் என்ற கேள்விகள் சட்டத்தோடு முடிவதில்லை. உயிர் வேறு, மனம் வேறு என்று கற்பித்த சமயங்களும் அவற்றுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவை.

இங்கிலாந்தில் இந்த இடைவெளியை மூடவே நிலைத்த பவர் பத்திரம் உருவாயிற்று. 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, தெளிவோடு இருக்கும்போதே ஒருவர் தமக்கு நம்பிக்கையானவரைத் தேர்ந்து, சொத்துக்கும் பணத்துக்கும் ஒரு பத்திரமும் உடல்நலத்துக்கும் பராமரிப்புக்கும் இன்னொரு பத்திரமும் எழுதலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. எழுதுபவர் புரிந்துதான் எழுதுகிறார், யாரும் வற்புறுத்தவில்லை என்று சுதந்திரமான ஒருவர் சான்றளிக்க வேண்டும். பத்திரம் அதற்கென அமைந்த அரசு அலுவலகத்தில் பதிவாக வேண்டும். தமிழர் பெருமளவில் வாழும் சிங்கப்பூரிலும் 2010 முதல் இத்தகைய ஏற்பாடு உள்ளது. இந்தியாவில் சொத்தைப் பொறுத்தவரை இதற்கு இணையான பத்திரம் இல்லை.

இந்தக் குறை கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்களை நேராகத் தொடுகிறது. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் மகன், நாகர்கோவிலிலோ தக்கலையிலோ உள்ள தன் நிலத்தைக் கவனிக்க அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, ஊரில் இருக்கும் தந்தைக்குப் பவர் அனுப்புவது பரவலான வழக்கம். 201-ஆம் பிரிவு இரு தரப்புக்கும் பொருந்தும். எழுதிக் கொடுத்த மகன் நலமாக இருந்தாலும், பெற்றுக்கொண்ட தந்தையின் சித்தம் கலங்கினால் அந்தப் பவர் முடிந்துவிடும். எதிர்த்திசையில், முதிய தாய் மகளுக்குக் கொடுத்த பவர், தாயின் நினைவு மங்கும் நாளில், அதாவது மகளுக்கு அது மிகவும் தேவைப்படும் நாளில், பயனற்றுப் போகிறது. முகவர் ஒரு பத்திரத்தைப் பதிய வரும்போது, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு உயிர்ச்சான்று கேட்பது தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகங்களின் நடைமுறை. அவர் தெளிவோடு இருக்கிறாரா என்பதை அந்தச் சான்று சொல்வதில்லை.

ஒப்பந்தச் சட்டத்தின் 209-ஆம் பிரிவு கவனத்துக்குரியது. எழுதிக் கொடுத்தவர் இறந்தோ சித்தம் கலங்கியோ அதிகாரம் முடிந்துவிட்டாலும், முகவர் தம் கையில் ஒப்படைக்கப்பட்டவற்றைக் காக்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. அதிகாரம் போனபின்னும் கடமை நிற்கிறது. முன்சொன்ன கேள்விகளுக்குச் சமயங்கள் தரும் விடையும் இந்தத் திசையிலேயே செல்கிறது.

உயிரும் கருவியும்

முதலில் தீர்க்க வேண்டியது, நினைவிழந்தவர் அதே ஆள்தானா என்பது. ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக், 1694-இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், ஓர் ஆள் என்பவர் தம் கடந்தகாலத்தை உணர்வால் எட்டும் அளவுக்கே அதே ஆள் என்று வாதிட்டார். இதை அப்படியே ஏற்றால், பெற்ற பிள்ளையின் பெயரையும் மறந்த தாய் பழைய தாய் அல்லர் என்றாகிவிடும். அவர் முன்பு சொன்ன விருப்பமும் வேறொருவரின் விருப்பமாகிவிடும்.

சைவ சித்தாந்தம் இதற்கு மாறான வழியில் செல்கிறது. மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் மூன்றாம், நான்காம் சூத்திரங்களில் உயிர் எது என்று ஆராய்கிறது. உடல், பொறிகள், மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய எதுவும் உயிர் அன்று. இவை யாவும் உயிரின் கருவிகள். அமைச்சர்களோடு இருக்கும் அரசனைப் போல, மனம் முதலிய அந்தக்கரணங்களோடு கூடி உயிர் ஐந்து அவத்தைகளில், அதாவது நிலைகளில், நிற்கிறது. நனவிலிருந்து கனவுக்கும் உறக்கத்துக்கும் அதற்கப்பாலும் செல்லச் செல்ல, தொழிற்படும் கருவிகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் நினைவு தொழிற்படுவதில்லை. ஆயினும் விழித்தெழுபவர் உறங்கப் போனவரே.

மறதிநோய் விழிப்பில்லாத உறக்கமாக நீளலாம். ஆனால் சித்தாந்தத்தின் அளவுகோல் கருவியின் ஓய்வு உயிரின் முடிவாகாது என்பதே. எனவே நினைவிழந்தவர் உரிமையிழந்தவர் ஆகார். வீடு அவர் வீடுதான். வயல் அவர் வயல்தான். அவற்றை ஆளும் கருவி மட்டுமே தளர்ந்திருக்கிறது. பொறுப்பேற்பவர் அந்தக் கருவியின் இடத்தில் நிற்கிறாரே அன்றி உயிரின் இடத்தில் நிற்பதில்லை. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்ற சித்தாந்தக் கொள்கையை இங்கே பொருத்திப் பார்த்தால் இன்னொரு கடமையும் பெறப்படுகிறது. நினைவு மங்கியவர் சுற்றியிருப்போரின் குரலையும் முகத்தையும் தொடுகையையும் சார்ந்தே வாழ்கிறார். ஆகவே அவர் சொத்தைக் காத்துவிட்டு அவரைக் கவனியாது விடுவது பாதிக் கடமையைக்கூட நிறைவேற்றியதாகாது.

முன்பு சொன்னதா, இப்போது காட்டுவதா

அடுத்த சிக்கல், ஒருவர் தெளிவோடிருந்தபோது சொன்னதும் இப்போது காட்டும் விருப்பமும் முரண்படும்போது எழுகிறது. அமெரிக்கச் சட்ட மெய்யியலாளர் ரொனால்டு டுவார்க்கின் 1993-இல் எழுதிய நூலில், முழு வாழ்வையும் எண்ணி ஒருவர் எடுத்த முடிவே உயர்ந்தது, பிற்காலத்து மகிழ்ச்சியோ சோர்வோ அதை மாற்றக்கூடாது என்றார். மறுத்தவர்கள், இன்று வாழ்பவரின் இன்பதுன்பத்தைப் பழைய காகிதத்துக்குப் பலியிடலாமா என்று கேட்டனர்.

இரண்டில் ஒன்றை முழுவதும் தள்ளிவிட முடியாது. உயிர் ஒன்றே என்றால், அன்று சொன்னவரும் இன்று உணர்பவரும் ஒருவரே. இரு குரலும் அவருடையவை. சொத்தை யாருக்குத் தருவது, எவ்வளவு தூரம் மருத்துவம் பார்ப்பது போன்ற வாழ்வு முழுவதையும் தழுவிய முடிவுகளில் தெளிவோடு சொன்ன சொல் முந்த வேண்டும். எங்கே உட்காருவது, என்ன உண்பது, யார் அருகில் இருப்பது என்ற அன்றாடக் காரியங்களில் இன்றைய முகக்குறிப்பு முந்த வேண்டும். பழையாற்றங்கரை வயலை விற்கக்கூடாது என்று தந்தை எழுதி வைத்திருந்தால், இன்று அவர் யார் நீட்டிய தாளிலும் கைநாட்டு வைப்பார் என்பதற்காக அதை விற்பது அறமாகாது. அதேபோல், மருத்துவர் தடுக்காதவரை, முன்பு வெறுத்த இனிப்பை இன்று ஆசையாகக் கேட்பவருக்கு மறுப்பதும் அறமாகாது.

பொறுப்பேற்றவரின் எல்லை

பிறர் சார்பில் ஆள்பவரின் எல்லை என்ன என்பதில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்தார். இது திருப்படித்தானம் எனப்படுகிறது. அதன்பின் அவரும் வழிவந்தோரும் பத்மநாப தாசர் என்ற பெயரிலேயே ஆண்டனர். அன்றைய தலைநகர் இன்றைய கல்குளம் வட்டத்திலுள்ள பத்மநாபபுரம். அறிதுயில் கொண்ட இறைவனே உடைமையாளர், விழித்திருக்கும் மன்னர் அவர் பணியாளர் என்ற அந்த ஏற்பாட்டில் அரசியல் கணக்கும் இருந்தது. ஆயினும் அது நிறுவிய கோட்பாடு தெளிவானது: ஆளும் கைக்கு உடைமை இல்லை.

கோயில் சொத்துச் சட்டமும் இதே கோட்பாட்டில் நிற்கிறது. சுசீந்திரத்துத் தாணுமாலயனாயினும் திருவட்டாற்று ஆதிகேசவனாயினும் இறைவன் சட்டத்தின் பார்வையில் சொத்துடைய ஓர் ஆள். ஆனால் என்றும் மைனராகவே கருதப்படுபவர். அவர் சார்பில் நிர்வகிப்பவர் தவிர்க்க முடியாத தேவைக்கோ சொத்தின் நன்மைக்கோ மட்டுமே அதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியும். மைனர் வாரிசின் சொத்தை நிர்வகிப்பவர் குறித்து லண்டன் பிரிவி கவுன்சில் 1856-இல் வகுத்த இந்த அளவுகோல் பின்னர் கோயில் சொத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பேசாத தெய்வத்துக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு பேச இயலாத மனிதருக்கும் கிடைக்க வேண்டும்.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் இம்மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டிலேயே சான்று உண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே, சொத்து சகோதரியின் மக்களுக்குச் செல்லும் மருமக்கள்வழி நிலவிய காலத்தில், குடும்பச் சொத்தைத் தாய்வழி மூத்த ஆணான காரணவர் நிர்வகித்தார். சொத்து குடும்பம் முழுவதற்கும் உரியது. காரணவர் காப்பாளர் மட்டுமே. நடைமுறையில் பல இடங்களில் காப்பாளர் உடைமையாளர் போல நடந்தார். மனைவியும் மக்களும் கைவிடப்பட்டனர். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்தத் துயரத்தை ஒரு பெண்ணின் வாய்மொழியாக ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மிய’த்தில் பாடினார். 1926 அளவில் திருவிதாங்கூர் அரசு இயற்றிய நாஞ்சில்நாடு வேளாளர் சட்டம் அந்த முறையை மாற்றியது. கணக்குக் கேட்க ஆளில்லாத பொறுப்பு உடைமையாக மாறிவிடும் என்பதே அந்த வரலாறு தரும் பாடம்.

மாவட்டத்தின் மற்றச் சமயங்களும் இதையே தம் சொற்களில் போதிக்கின்றன. கிறிஸ்தவர் கூறும் உக்கிராணத்துவத்தில், உக்கிராணக்காரன் எஜமானின் பொருளுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன். இஸ்லாம், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளான அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பதைக் கட்டாயக் கடமையாக்குகிறது. இராம காதையில் பரதன் அண்ணன் இராமனின் பாதுகைகளை அரியணையில் வைத்து, தான் நந்திக்கிராமத்தில் இருந்தபடி பதினான்கு ஆண்டுகள் நாட்டைக் காத்து, கருவூலத்தைப் பெருக்கி, இராமன் திரும்பியதும் ஒப்படைத்தான். ஆனால் பரதனுக்குக் கணக்குக் கேட்க அண்ணன் வருவான் என்ற உறுதி இருந்தது. மறதிநோயாளியின் மகனுக்கு அந்த உறுதி இல்லை; தந்தை திரும்பி வந்து கேட்கப் போவதில்லை. அதனால் இங்கே பரதனைவிடக் கடுமையான நேர்மை தேவைப்படுகிறது. உடன்பிறந்தோருக்கோ நம்பகமான வேறொருவருக்கோ ஆண்டுதோறும் கணக்குக் காட்டுவதே அந்த நேர்மைக்கு வெளிப்படையான வடிவம்.

யாரைத் தேர்வது என்பதற்குத் திருக்குறள் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று இரண்டு அதிகாரங்களை ஒதுக்கியிருக்கிறது. அவற்றின் சாரம்: ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயப்படுவதும் இரண்டுமே கேடு, அன்பினால் மட்டும் அறிவில்லாதவரைத் தேர்வதும் கேடு. மூத்த மகன் என்பதோ அருகில் இருக்கிறார் என்பதோ தனியே தகுதியாகாது.

இன்று செய்யக்கூடியவை

மருத்துவத்தைப் பொறுத்தவரை, தெளிவு போனபின்னும் செல்லும் பத்திரங்கள் இந்தியாவில் இரண்டு உள்ளன. ஒன்று உயிர்க்காப்பு மருத்துவம் குறித்த முன்விருப்ப ஆவணம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை ஏற்று, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. தெளிவுள்ள வயதுவந்த எவரும் இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்று எழுதலாம். தமக்காக முடிவு சொல்ல வேண்டிய உறவினரின் அல்லது காப்பாளரின் பெயரை அதில் குறிக்க வேண்டும். மருத்துவமனையில் இரு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்தபின்பே அது செயற்படும்.

மற்றொன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் முன்னறிவிப்பு. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் பிரதிநிதி யார் என்று ஒருவர் அதில் எழுதலாம். நினைவின் கடுமையான சீர்குலைவையும் அச்சட்டம் மனநோய் வரையறையில் சேர்த்திருப்பதால் மறதிநோய்க்கும் இது உதவும். இவ்விரண்டுக்கும் வழக்கறிஞர் கட்டாயமில்லை.

சொத்துக்கு வழி குறுகலானது. ஆழ்மயக்கத்தில் (கோமா) கிடப்பவருக்குக் காப்பாளர் நியமிக்கக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் நெறிமுறைகள் வகுத்தது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ஆழ்மயக்கத்தில் கிடந்த கணவரின் சொத்தைக் கையாள மனைவியைக் காப்பாளராக நியமித்தது; கிடைக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பெயரிலேயே நிலைவைப்பாக இடவும் கட்டளையிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தவர் இந்த நிவாரணத்துக்கு மதுரைக் கிளைக்குச் செல்ல வேண்டும். நோயாளியைக் கவனிக்கும் குடும்பத்துக்கு அந்தப் பயணமும் செலவும் பெரும் சுமை.

முன்கூட்டியே திட்டமிடுவோர் 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி, தம் வாழ்நாள் முழுவதும் தாமே பயனாளியாக இருக்குமாறு தனியார் அறக்கட்டளை ஏற்படுத்தலாம். எழுதியவரின் தெளிவு போனாலும் அது நிற்கும். ஆனால் அதில் சொத்தின் சட்ட உரிமை அறங்காவலருக்கு மாறுவதால், வழக்கறிஞர் துணையின்றி எழுதுவது ஆபத்து. சாதாரணப் பவர் பத்திரத்தை ஆவண எழுத்தரே எழுதிவிடலாம். தமிழ்நாட்டில் எழுதப்படும் பவர் அசையாச் சொத்தைப் பற்றியதானால் அதைப் பதிவு செய்தாக வேண்டும். சித்தம் கலங்கும் நாளோடு பவர் முடியும் என்பதை எழுதுபவரும் பெறுபவரும் அறிந்திருக்க வேண்டும்.

இந்தியச் சட்டம் சொத்துக்கும் நிலைத்த பவர் பத்திரத்தை ஏற்க வேண்டும். அதை ஏற்கும்போது பெறுபவரின் கடமைகளை முதலில் வகுத்து, அதிகாரத்தைப் பின்னர் தர வேண்டும்: தேவைக்கோ நன்மைக்கோ அன்றி விற்பனை கூடாது; எழுதியவரின் பணம் பெறுபவரின் பணத்தோடு கலக்கக்கூடாது; ஆண்டுக் கணக்குக் கட்டாயம்; எழுதியவர் எவ்வளவு தெளிவோடிருக்கிறாரோ அவ்வளவுக்கு முடிவு அவரிடமே இருக்க வேண்டும். அத்தகைய சட்டம் வரும்வரை, தெளிவோடிருப்பவர்கள் தம் விருப்பங்களைத் தேதியிட்டு எழுதி, பிள்ளைகள் அனைவர் முன்னும் படித்துக் காட்டி வைப்பது நல்லது. நீதிமன்றம் காப்பாளரை நியமிக்க நேரும் நாளில், நோயாளி என்ன விரும்பியிருப்பார் என்பதற்கு அந்தத் தாள் அவருடைய சொந்தச் சாட்சியமாக நிற்கும்.