வரப்போரத்து உயிர்களும் இல்லறத்தார் கடமையும்



உழவு நம் முன்னோர் வழிவழியாகப் போற்றிய தொழில். ஆதிபகவன் விருஷப தேவர் மக்கள் உய்யும் பொருட்டு அருளிய அறுதொழில்களுள் கிருஷியும் ஒன்றாகும். எனினும், ஏர் மண்ணைக் கீறுங்கால் சிற்றுயிர்கள் மாய்கின்றன. ஆதலின் ஆன்றோர் ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்யோகம், விரோதம் என நான்காகப் பகுத்தனர். கொல்ல எண்ணிக் கொல்லும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தார் முற்றும் துறத்தல் வேண்டும். தொழில் பற்றி நேரும் உத்யோக ஹிம்சையை இயன்ற மட்டும் குறைத்தல் வேண்டும்.

'பயிர்த்தொழிலில் ஹிம்சை தவிர்க்க இயலாதது' என்று கூறிப் பலரும் அமைதி கொள்கின்றனர். ஆனால் தத்துவார்த்த சூத்திரம், பிரமாதம் எனப்படும் கருத்தின்மையோடு கூடிய செயலால் உயிரைப் பிரித்தலையே ஹிம்சை என இலக்கணம் வகுக்கிறது. எனவே தவிர்க்கக் கூடியது எது என்று ஆராயாமல் இருப்பதே பெருங்குற்றம்.

காடையை எண்ணிப் பாருங்கள். சோழமண்டலக் கரையின் பெயரையே தன் அறிவியற் பெயரில் தாங்கிய காடை இனம் ஒன்று நம் நாட்டில் உண்டு. அது மரத்தில் கூடு கட்டுவதில்லை. மழைக்காலத்தில் புல்லடர்ந்த வரப்போரத்திலும் பயிரினுள்ளும் தரையிலேயே முட்டையிட்டு, 16 முதல் 18 நாள் வரை அடைகாக்கிறது. முனிவர்கள் உயிர்களை மிதித்துவிடாதிருக்கும் பொருட்டு ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாஸ்யம் நோற்பதும் மழைக்காலத்தில்தான். உழவர் அவ்வாறு வயலை விட்டு விலகியிருத்தல் இயலாது. ஆயினும் முனிவர் கைப்பிஞ்சியால் தரையை வருடி அமர்வது போன்ற கவனத்தை வயலிலும் கைக்கொள்ளலாம்.

முதலாவதாக, வரப்புப் புல்லைத் தீயிட்டுக் கொளுத்துதல் கூடாது. களை நீக்குவதாயின் ஒரே நாளில் எல்லா வரப்பையும் செதுக்காது, ஒரு பகுதியைப் புதராக விட்டு வைக்கலாம்.

இரண்டாவதாக, அறுவடை இயந்திரம் வயலின் நாற்புறமும் சுற்றி உள்நோக்கி வருமாயின், பறவைகள் நடுவில் அகப்பட்டு மடியும். நடுவிலிருந்து வெளிநோக்கியோ, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தை நோக்கியோ அறுத்தால் அவை வரப்புக்குத் தப்பிச் செல்லும்.

மூன்றாவதாக, வயலோரத்தில் மருந்து தெளிப்பதைக் குறைக்க வேண்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் வயல்களில் நிகழ்ந்த நெடுநாள் ஆய்வு இதற்குச் சான்று. களைக்கொல்லியால் களையும், களையைச் சார்ந்த பூச்சிகளும் அழிய, கௌதாரிக் குஞ்சுகள் இரையின்றி மாண்டன. பின்னர் அந்நாட்டில் சுமார் 6 மீட்டர் அகல ஓரத்தில் மருந்தைக் குறைக்கவே குஞ்சுகள் மிகுதியாகப் பிழைத்தன. அந்நாட்டார் பெரிதும் வேட்டை கருதியே இதனைப் பேணினர். உயிர் கருதிப் பேண வேண்டிய நாம் அவர்க்குப் பின்தங்கலாமா?

'நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நகரில் வாழ்கின்றோம். எமக்கு இதில் என்ன பங்கு?' எனச் சிலர் வினவலாம். தான் செய்தலும், பிறரைக் கொண்டு செய்வித்தலும், செய்வதற்கு உடன்படுதலும் வினையைப் பிணிக்கும் என்பது ஜினாகமம். நம் நிலத்தில் கண்ணி வைக்க வருவோரைக் கண்டும் காணாதிருத்தல் உடன்படுதலேயாகும். காட்டுக் காடைகளைப் பிடிப்பதை 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. குத்தகைதாரரிடம் இன்சொல்லால் இதனை எடுத்துரைப்போம். ஓரத்தை விட்டு வைப்பதால் அவருக்கு விளைச்சல் குறையுமாயின், அவ்வளவுக்குக் குத்தகையைக் குறைத்துக் கொள்வோம். ஏழை உழவர் தோளில் நம் அறத்தின் சுமையை ஏற்றுதல் அறமாகாது.

ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் அபய தானம் உயிருக்கு அச்சம் நீக்குவது. ஒரு மரக்கால் நெல் குறைந்தாலும், வரப்போரத்தில் ஒரு தாய்ப்பறவை அஞ்சாது அடைகாக்குமாயின் அத்தானம் நிறைவுறும். வரும் பருவத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு வரப்பையேனும் இவ்வாறு விட்டு வைக்க உறுதி பூணுவோமாக.

வாழ்க ஜினதர்மம்! வளர்க உயிரிரக்கம்!