எந்தப் பக்கம்?

2015 ரஞ்சி இறுதிப் போட்டியில் கர்நாடகாவின் கருண் நாயர் தமிழ்நாட்டுப் பந்துவீச்சைப் பிழிந்து 328 ரன் எடுத்தார். பெங்களூரில் என்னுடன் வேலை பார்த்தவர்கள் ஸ்கோரைப் பார்த்த கையோடு என் முகத்தையும் பார்த்தார்கள். 2021 நவம்பரில், சையத் முஷ்டாக் அலி கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தைத் தமிழ்நாட்டின் ஷாருக் கான் சிக்ஸருக்குத் தூக்கிக் கர்நாடகாவிடமிருந்து கோப்பையைப் பறித்தபோதும் அதே பார்வைதான். மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கப் போகிற கோலார் தங்கவயல் தமிழனுக்கு இது பழகிப்போன விஷயம். "நீ எந்தப் பக்கம்?" சிலர் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சிரிக்காமல் கேட்கிறவர்களும் உண்டு.

1990இல் நார்மன் டெபிட் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி இந்தக் கேள்வியை ஒரு பரீட்சையாகவே ஆக்கினார். இங்கிலாந்தில் குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பாருங்கள், அவர்கள் யார் என்று தெரிந்துவிடும் என்றார். ஆசிய வம்சாவளியினரில் கணிசமானோர் அதில் தேறமாட்டார்கள் என்று முடிவையும் அவரே சொல்லிவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் துரைமார்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். 1880இல் தங்கச் சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து எத்தனையோ வெள்ளைக்காரக் குடும்பங்கள் மைசூர் மகாராஜாவின் மண்ணில் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் என்று வாழ்ந்தன. ஊருக்கே 'லிட்டில் இங்கிலாந்து' என்று பேர் வந்தது. நீங்கள் எந்தப் பக்கம் என்று அவர்களை நிற்கவைத்து யாராவது கேட்டிருப்பார்களா? பங்களாக்காரனுக்கு இந்தப் பரீட்சை கிடையாது. சுரங்கத் தொழிலாளியான லைன் வீட்டுக்காரன்தான் எழுத வேண்டும்.

எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கமிருந்து வந்தவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. பாறை வெடித்துச் சிதறுவதை 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். தரை அதிர்ந்ததும் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள். தப்பி மேலே வந்தவர்களிலும் பலருக்கு நுரையீரலில் தூசி தங்கிவிட்டது. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான் விளக்கு. அந்த மின்சாரம் காவிரித் தண்ணீரில் பிறந்தது. அதே காவிரியின் பேரால் 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் அடிவாங்கியபோது, எங்கள் பாட்டன்மார் எந்தத் தண்ணீரின் கரண்டில் குழிக்குள் இறங்கினார்கள் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். அதற்கு மூன்று வருடம் கழித்து, 2004 மார்ச்சில், கங்குலியின் அணி பாகிஸ்தானுக்குப் போனது. 1989க்குப் பிறகு அங்கே முழுச் சுற்றுப்பயணம் அதுதான் முதல்முறை. நடுவில் கார்கில் போரே வந்து போயிருந்தது. ஷிஃப்ட் இல்லாத ஆண்கள் பகலெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நானும்தான்.

கராச்சியில் முதல் ஒருநாள் ஆட்டம். நாம் 349, அவர்கள் 344. ஐந்து ரன்னில் தோற்ற ஊர் எழுந்து நின்று நம் ஆட்களுக்குக் கைதட்டியது. எங்கள் லைனில் கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சே வரவில்லை. கல்லெறிவார்கள் என்றுதானே எதிர்பார்த்திருந்தோம்! அப்புறம் நம்ம சென்னைப் பையன் பாலாஜி. அக்தர் பந்தையே சிக்ஸருக்கு அடித்துவிட்டுப் பல்லைக் காட்டிச் சிரித்ததில் பாகிஸ்தானே மயங்கிவிட்டது. ஒரு இந்திப் பாட்டில் அவன் பேரைச் செருகி கேலரியில் பாடினார்கள். முல்தானில் சேவாக் 309. அதே டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் கும்ப்ளேவுக்கு ஆறு விக்கெட். ராவல்பிண்டியில் முதல் இன்னிங்ஸில் பாலாஜிக்கு நாலு, திராவிடுக்கு 270. பெங்களூர்க்காரர்கள், சென்னைக்காரர் என்று எங்கள் லைனில் யாரும் கணக்குப் பிரிக்கவில்லை. பிரித்தாலும் எல்லாமே எங்கள் வரவுதான். பாகிஸ்தானில் இந்தியா டெஸ்ட் தொடரை வென்றது அதுவே முதல்தடவை.

கராச்சி கைதட்டியதைச் சென்னைக்காரர்கள் அதற்கு முன்பே செய்து காட்டியிருந்தார்கள். 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில், டெண்டுல்கர் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். மைதானத்தைச் சுற்றி வந்த வாசிம் அக்ரம் அணிக்குக் கூட்டம் எழுந்து நின்றது. அன்று கைதட்டியவர்கள் வீட்டுக்குப் போய் ராத்திரி சாப்பிடாமல் படுத்திருப்பார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. துக்கம் ஒரு பக்கம், கைதட்டல் ஒரு பக்கம். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தன.

எந்தப் பக்கம் என்று கேட்கிறவர்களோடு எனக்குள்ள சண்டை இதுதான். கட்டிக்கொடுத்த பெண்ணை நடுக்கூடத்தில் நிறுத்தி, பிறந்த வீடா புகுந்த வீடா என்று கேட்கிற மாமியார் வேலை அது. அவளுக்குப் பதில் தெரியாமல் இல்லை. எதைச் சொன்னாலும் அது சாட்சியாகிவிடும் என்பதால்தான் வாயைத் திறப்பதில்லை. பாகிஸ்தான் ஆட்டம் வந்தால் ஆண்டர்சன்பேட்டையில் என் முஸ்லிம் சிநேகிதன் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போடுவான். அவனுக்கு நிஜமாகவே ஆட்டப் பைத்தியம். ஆனால் அந்தக் கூடுதல் சத்தம் யாருக்காக என்று எனக்குத் தெரியும். கர்நாடகா ஜெயிக்கும்போது ஆபீஸில் நானும் கொஞ்சம் அதிகமாகத்தான் சிரித்திருக்கிறேன்.

2006க்குப் பிறகு இந்திய அணி டெஸ்ட் ஆடப் பாகிஸ்தானுக்குப் போகவில்லை. இரு நாடுகளும் மோதிய கடைசி டெஸ்ட் 2007 டிசம்பரில் பெங்களூரில் நடந்தது. 2025 செப்டம்பரில் துபாயில் நம் வீரர்கள் பாகிஸ்தான் வீரர்களோடு கைகுலுக்காமல் வந்துவிட்டார்கள். பஹல்காம் தாக்குதலில் அத்தனை உயிர் போன வருடம் அது; அந்தக் கோபத்தைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கராச்சியைப் பார்த்தவனுக்கு அதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

அக்கா பையன் பெங்களூருக்கு ரயிலில் காலேஜ் போய்வருகிறவன். போனில் அவனுக்குப் பாலாஜி சிக்ஸரைத் தேடிக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தான்.

"அவங்க ஏன் மாமா நம்ம ஆளுக்குக் கைதட்டுறாங்க?"

"ஆட்டம் பிடிச்சுதுடா. வேற என்ன?"

"சும்மா சொல்லாதீங்க," என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.