நிழல் யாருக்கு?

சித்திரை நண்பகலில் அரசு அலுவலக வளாகம் ஒன்றினுள் நுழைந்து பாருங்கள். மனுவைக் கையில் ஏந்திய முதியவர் ஒருவர் சுவரோரத்தில் கையகல நிழல் தேடி நிற்பார். எதிரே, நூறு கார்கள் நிற்கும் திறந்த வெளி வெயிலில் தகித்துக் கிடக்கும். அவ்வெளியின்மீது சூரிய ஒளித் தகடுகளைக் கூரையாக வேய்ந்தால் மேலே மின்சாரமும் கீழே நிழலும் கிடைக்கும் என்னும் கருத்து இன்று பரவி வருகிறது. இதனை அறிவியல் செய்தியாக மட்டுமன்றி, அறநெறிக் கேள்வியாகவும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதற்கண் இதன் நன்மையை மனமுவந்து ஏற்போம். ஒரு கார் நிற்க ஏறத்தாழ 12 சதுர மீட்டர் இடம் வேண்டும். அப்பரப்பில் குறைந்தது 1 கிலோவாட் திறனுள்ள தகடுகளைப் பதிக்கலாம். நம் நாட்டு வெயிலில் அவை நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் மின்சாரம் தரும். நூறு கார்களின் கூரை 400 யூனிட் தரும். 2016இல் கமுதியில் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கர் நிலத்தில் பரந்துள்ளது. வாகனக் கூரையோ புதிதாக ஒரு சாண் நிலமும் கேட்பதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத்துக்கு இது எத்துணைப் பொருத்தம்! அங்கு வரும் வாகனங்கள் பெருகலாம், தீவு பெருகாது. 2015இல் முழுவதும் சூரிய மின்சாரத்துக்கு மாறிய கொச்சி விமான நிலையம், பின்னர்த் தன் வாகன நிறுத்தத்தின் மேலும் தகடுகளைக் கூரையாக்கிற்று. நம் திருச்சியில் 2025இல் திறக்கப்பட்ட பஞ்சப்பூர்ப் பேருந்து முனையம் போன்ற பொது இடங்களும் இவ்வகையில் சிந்திக்கத்தக்கவையே.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. உயர்ந்த இரும்புத் தூண்கள் நிறுத்திக் காற்றைத் தாங்குமாறு கட்ட வேண்டியிருப்பதால், மொட்டைமாடியில் தகடு பதிப்பதைவிட இதற்குச் செலவு மிகுதி. அச்செலவு மக்களின் வரிப்பணம். அந்நிழலில் இளைப்பாறுவது காரா, கார் இல்லாதவரா?

“மின்கட்டணம் குறைந்தால் அனைவர்க்கும் நன்மைதானே, வாகன நிறுத்தத்தில் வாகனம் நிற்பதில் என்ன குற்றம்?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமே. ஆனால் மிச்சமாகும் பணம் கணக்கேட்டில் மறைந்திருக்கும். நிழலோ கண்முன் விழும். ஓர் அரசு எவரை மதிக்கிறது என்பதை ஏழை அந்த நிழலைக் கண்டே அறிந்துகொள்கிறான். தனியுடைமை எவருக்கும் வரம்பற்ற உரிமையன்று என 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் போதித்தார். தனியுடைமைக்கே இந்நெறி என்றால், பொதுநிலத்துக்கு எவ்வளவு மிகுதியாகப் பொருந்தும்!

இறைவாக்கினர் யோனாவை நினைவுகூர்வோம். தமக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி வாடியபோது அவர் சினந்தார். இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நினிவே நகருக்காக அவர் மனம் இரங்கவில்லை. தம் நிழலைக் குறித்துக் கவலை, நகரைக் குறித்துக் கவலையின்மை: இந்நோய் யோனாவோடு முடிந்துவிடவில்லை.

எனவே இத்தகைய கூரை எழும்போது, அதன் ஒரு பகுதி காத்திருப்போரின் வரிசைவரை நீளட்டும். மாற்றுத் திறனாளிகளின் வண்டிகளும் மிதிவண்டிகளும் அதன்கீழ் முதலிடம் பெறட்டும். தகட்டில் நிழல் விழுகிறது என்று சொல்லி, நின்று நிழல் தரும் வேம்பையும் புங்கையும் வெட்ட வேண்டாம். பெரிய வாகன நிறுத்தங்களில் பாதிப் பரப்பையேனும் இவ்வாறு மூட வேண்டும் என 2023இல் சட்டமியற்றிய பிரான்சு நாடும், மரங்கள் போதிய நிழல் தரும் இடங்களுக்கு விலக்களித்திருக்கிறது.

பிறர்க்குச் சொல்லும் நாம் நம் முற்றத்தையும் நோக்க வேண்டும். வத்திக்கானில் ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரையில் 2008இலேயே சூரியத் தகடுகள் பதிக்கப்பட்டன. ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடல் 2015இல் வெளிவந்தது. நம் ஆலய வளாகங்களிலோ, ஞாயிறு திருப்பலிக்கு வரும் கார்கள் மரநிழலில் நிற்கின்றன. நடந்து வந்த பாட்டி திருப்பலி முடிந்து வெயிலில் நின்று பேருந்துக்குக் காத்திருக்கிறார். அரசுக்கு மனு எழுதுமுன், அடுத்த ஞாயிறு அந்த மரத்தடியில் ஒரு பலகையைப் போட்டு வைப்போம்.

கதிரவனை நல்லோர்மீதும் தீயோர்மீதும் வேறுபாடின்றி உதிக்கச் செய்பவர் இறைவன். வெயிலை அவர் சமமாகவே பகிர்ந்துவிட்டார். நிழலைப் பகிரும் பொறுப்பை நம்மிடம் விட்டிருக்கிறார்.