எம்10 எங்கே இருக்கிறது?

கோயம்புத்தூரில் பம்பு வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். போல்ட், நட்டு, வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்துகொண்டிருக்க யாருக்கும் பொறுமை கிடையாது. அதனால் கேட் மென்பொருளில் ஒரு நூலகம் வைத்துக்கொள்வோம். தாய் மாதிரி ஒன்றுதான். அதில் விட்டம், நீளம், தலையின் அகலம், உயரம் எல்லாம் எண்ணாக இல்லாமல் வெறும் பெயராக இருக்கும். பக்கத்தில் ஒரு எக்செல் அட்டவணை. எம்8 (பெயரளவில் 8 மில்லிமீட்டர் விட்டம்), நீளம் 40 என்று தேர்ந்தெடுத்தால் அந்த வரியின் எண்கள் பெயர்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். போல்ட் திரையில் வந்து நிற்கும்.

இந்த நூலகத்தைப் புதிதாகக் கட்டும் பொறுப்பு என்னிடம் வந்ததிலிருந்து ஒரு பழைய தத்துவச் சண்டையில் எனக்கு அக்கறை கூடிவிட்டது. பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் பத்தாம் புத்தகத்தில் மூன்று கட்டில்களைப் பற்றிப் பேசுகிறார்: கடவுள் ஆக்கிய ஒரே கட்டில், தச்சன் செய்த கட்டில், ஓவியன் தீட்டிய கட்டில். முதலாவதுதான் மெய், மற்றவை அதன் நகலும் நகலின் நகலும். நம் நாட்டு நியாய தத்துவ மரபினரான நையாயிகர்கள் வேறு வழியாக இதற்குப் பக்கத்தில் வருகிறார்கள். குடங்கள் பல, குடத்தன்மை ஒன்று, குடம் உடைந்தாலும் அது அழியாது. அதைச் ‘சாமானியம்’ என்றார்கள். தாய் மாதிரியைத் திரையில் பார்க்கும் எவருக்கும் இந்தக் கட்சி பிடித்துப்போகும். பெட்டியில் துருப்பிடிப்பவை வெறும் நகல்கள், மெய்யான போல்ட் இதோ இருக்கிறது என்று தோன்றும்.

எனக்கு அந்த எண்ணத்தைக் கலைத்தது தலையின் அகலம்.

கல்லூரி டிராயிங் வகுப்பில் ஒரு சூத்திரம் சொல்லித்தந்தார்கள்: விட்டத்தை ஒன்றரை மடங்காக்கி 3 மில்லிமீட்டர் கூட்டு. எம்10க்கு 18 வரும். கடையில் 18 மில்லிமீட்டர் தலையுள்ள சாதாரண எம்10 போல்ட் கேட்டுப் பாருங்கள். பழைய ஜெர்மன் நியமமான டிஐஎன் 933இல் அது 17. ஐஎஸ்ஓ 4014, 4017 நியமங்களில் 16. வெறும் ஒன்றரை மடங்கு என்று வைத்தால் எம்12, எம்16, எம்20க்கு 18, 24, 30 என்று ஐஎஸ்ஓ எண்கள் அச்சாக வரும். எம்10க்கு 15, எம்8க்கு 12 என்று வந்து காலை வாரிவிடும். எம்8க்கு வேண்டியது 13. ஆகவே சூத்திரத்தை எடுத்துவிட்டு, வரி வரியாக எண்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். என்றும் அழியாத போல்ட்தன்மை என்று ஒன்று இருந்தால், அது ஒரு குழுக்கூட்டத்தில் 17இலிருந்து 16க்கு இறங்கியிருக்குமா?

மரையின் கதையும் இதுதான். 1841இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தின் பட்டறைகளில் புழங்கிய திருகுகளைத் திரட்டிச் சராசரி பார்த்து 55 டிகிரிக் கோணத்தை முன்வைத்தார். 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ், 55 டிகிரியைச் செய்வதும் அளப்பதும் தொல்லை என்று 60 டிகிரியைச் சொன்னார். இன்றைய மெட்ரிக் மரையும் 60தான். வானத்திலிருந்து யாரும் எதையும் இறக்கவில்லை.

இன்னொன்று. எங்கள் நூலக போல்ட்டில் மரையே கிடையாது. உண்மையான சுருளை வெட்டி வைத்தால் நூறு போல்ட் உள்ள அசெம்பிளியில் கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றுவிடும். வழவழப்பான உருளை, அதன்மேல் மரை இருப்பதாகச் சொல்லும் ஒரு அடையாளக் கோடு, அவ்வளவுதான். பிளேட்டோவின் மூலம் நகலைவிட நிறைவானது. எங்கள் மூலமோ நகலைவிட ஏழை. இந்த ஒரு காரணமே என்னை அந்தக் கட்சியிலிருந்து வெளியே கொண்டுவரப் போதும்.

எட்டு மில்லிமீட்டர் விவகாரம் இன்னும் வேடிக்கை. எம்8 போல்ட்டுக்கு வழக்கமாகப் போடும் 6ஜி என்ற டாலரன்ஸ்படி வெளிவிட்டம் 7.972க்கு மேல் போகக் கூடாது, 7.760க்குக் கீழே இறங்கக் கூடாது. முலாம் பூசவும் நட்டு தடையில்லாமல் ஏறவும் எட்டுக்குக் கீழே விட்டுவைத்த இடைவெளி அது. அதாவது முலாம் பூசுவதற்கு முன் சரியாக எட்டு இருக்கும் எம்8 போல்ட் கழிவுப் பெட்டிக்குப் போக வேண்டியது.

எங்கள் குவாலிட்டி பிரிவில் ஒரு அண்ணன் இருக்கிறார். போல்ட்டின் சாராம்சம் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கையில் இரண்டு ரிங் கேஜ்; ஒன்று கோ, ஒன்று நோ-கோ. “இது ஏறணும், அது ஏறக் கூடாது. வேற ஒண்ணும் பார்க்க வேண்டாம் மேடம்” என்பார். அந்த இரண்டு வளையங்களும் போல்ட் என்ன என்று சொல்வதில்லை. அல்லாததைத் தள்ளுகின்றன, தள்ளப்படாமல் மிஞ்சுவது எம்8.

இதைத்தான் திக்நாகர் சொன்னார். காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு குறிக்கும் பௌத்த தர்க்க அறிஞர். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் கற்பிக்கும் அளவை முறை அவருடைய மரபைச் சேர்ந்தது. ‘பசு’ என்ற சொல் பசுத்தன்மை என்ற பொருளைச் சுட்டுவதில்லை, பசு அல்லாதவற்றை விலக்குகிறது என்பது அவருடைய அபோகக் கோட்பாடு.

மீமாம்சை அறிஞர் குமாரில பட்டர் விடவில்லை. பசு எது என்று முதலிலேயே தெரியாவிட்டால் பசு அல்லாதது எது என்று எப்படித் தெரியும் என்று மடக்கினார். நல்ல கேள்வி. நோ-கோ கேஜைக் கடைந்தவனுக்கு எம்8 எதுவென்று தெரிந்திருக்க வேண்டுமே! கேஜுக்கு மேலே இன்னொரு கேஜ், அதற்கு மேலே அட்டவணை, அதற்கு மேலே குழு என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் போய்ச் சேரும் இடத்தில் சாமானியம் இல்லை, ஒப்பந்தம்தான் இருக்கிறது.

அந்த ஒப்பந்தம் ஏன் காற்றில் நிற்கவில்லை என்பதற்குத் திக்நாகர் மரபில் பின்னால் வந்த தர்மகீர்த்தியின் பதில் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. சீந்தில் முதலான மூலிகைகள் ஒன்றுக்கொன்று வேறானவை. அவற்றுக்குள் பொதுவான பொருள் ஏதும் உறைவதில்லை. ஆனாலும் காய்ச்சலைத் தணிக்கின்றன, அதனால் ஓரினமாகப் பேசுகிறோம் என்றார். 16 தலையும் 17 தலையும் உள்ள இரண்டு எம்10 போல்ட்டுகள் ஒரே துளையில் இறங்கி ஒரே மூடியைப் பிடிக்கின்றன. பம்புக்கு அவை ஓரினம். ஸ்பேனருக்கு இரண்டு இனம்.

நூலகம் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எம்10க்கு இரண்டு வரிகள் வையுங்கள். 16 என்றோ 17 என்றோ எண்ணை மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், அது எந்த நியமம், எந்த ஆண்டுப் பதிப்பு என்று பக்கத்துக் கட்டத்தில் குறித்துவிடுங்கள்.