கதவுக்கு வெளியே நிற்பவர் யார்?

இல்லத்திற்குக் காவற் கமரா வாங்க விழைவோர் முதலிற் கேட்பது விலையை. அடுத்து, இருளில் எத்துணைத் தெளிவாகப் படம் விழும் என்பதை. அக்கருவி யாரை நோக்கி நிற்கப்போகிறது என்ற வினா விற்பவரிடமும் எழுவதில்லை, வாங்குபவரிடமும் எழுவதில்லை. நாம் எழுப்ப விரும்புவது அவ்வினாவையே.

இக்கருவியின் வரலாறு நம்மிற் பலர் எண்ணுவதற்கு மாறானது. நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பினத் தாதி மேரி வான் பிரிட்டன் பிரவுண். வேலை நேரம் ஒழுங்கின்றி அமைந்தமையால் வீட்டிற் பலவேளை தனித்திருக்க நேர்ந்தவர். அழைத்தாற் பொலிசார் விரைந்து வராத பகுதி அது. கணவர் அல்பேர்ட்டுடன் சேர்ந்து 1966 இற் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசெம்பர் 2 இல் அது கிடைத்தது. கதவில் ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு துவாரங்கள்; நெட்டையரையும் குட்டையரையும் காணுமாறு அவற்றிடையே ஏறியிறங்கும் கமரா; படுக்கையறையில் ஒரு திரை; இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான், உதவி கோர மற்றொன்று. அரசு அளிக்கத் தவறிய பாதுகாப்பை உழைக்கும் பெண்ணொருத்தி தானே ஆக்கிக்கொண்டாள். இதனை இழித்துரைக்க நமக்கு நா எழவில்லை.

ஆயின், அவருடைய கமரா கண்டது கதவின் முன் வந்து நின்றவரை. இன்று விற்பனையாகும் கமராக்கள் பல தெருவையும் அயல் முற்றத்தையும் கண்டு, பேச்சையும் கேட்டு, அனைத்தையும் நிறுவனத்தின் களஞ்சியத்துக்கு அனுப்புகின்றன. 2021 இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நீதிமன்றம், அயலாரின் உரையாடலைத் தொலைவிலிருந்தே பதிந்த வாயில்மணிக் கமராவைச் சட்டமீறல் எனத் தீர்த்தது. அமேசனுக்குரிய ரிங் நிறுவனத்தின்மீது 2023 இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு வழக்கிட்டது: ஊழியர் ஒருவர் பெண்களின் படுக்கையறை, குளியலறைக் காட்சிகளை ஆயிரக்கணக்கிற் பார்த்தார் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. நிறுவனம் 58 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது.

எனவே, பதிவு வீட்டுக்குள்ளேயே தங்கும் கமராவைத் தெரிக. ஒலிப்பதிவை நிறுத்துக. அயலார் சாளரம் தெரியும் பகுதியை மறைக்கும் வசதி உண்டா எனக் கேட்டு வாங்குக. ஆலையில் இட்ட கடவுச்சொல்லை அன்றே மாற்றுக. மாற்றாதோரின் கமராக்களையே 2016 இல் மிராய் என்ற தீநிரல் தன் அடிமைப்படையாக்கிற்று.

இவையெல்லாம் எளியவை. கடினமானது அடுக்களைக் கமரா. வீட்டுப் பணிப்பெண்ணைக் கண்காணிக்க அதனை மாட்டுவோர், அவள் சம்மதித்தாள் என்பர். சம்பளத்தை நம்பி வாழ்பவள் மறுத்துவிட்டு எங்கே போவாள்? அதே வேளையில், கைக்குழந்தையை அவளிடம் விட்டுப் பள்ளிக்குச் செல்லும் ஆசிரியையின் அச்சமும் பொய்யன்று. அவ்வாசிரியையும் உழைப்பவளே. இவ்விருவருக்குமிடையே தீர்ப்புக் கூற நாம் துணியவில்லை. கமரா வேண்டியே தீருமாயின், அது எங்கே இருக்கிறது என்பதை அப்பெண்ணுக்குக் காட்டுவதும், குழந்தையின் தொட்டிலுக்கு அப்பால், அவள் உண்ணும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் அது பாராதிருக்கச் செய்வதும், பதிவைப் பார்க்கும் உரிமையை அவளுக்கும் அளிப்பதும் நாம் கேட்கும் குறைந்தபட்சம். மாலையில் வீடு திரும்பும் ஆசிரியை அப்பதிவை அவளோடு அமர்ந்து பார்க்கக் கூசுவாளாயின், அக்கமராவை மறுநாட் காலையிலேயே கழற்றிவிடலாம்.