ஒரே நாள்

நாட்காட்டித் தாளைக் கிழிக்கையில், இதே தேதியில் முன்னர் நடந்தவற்றைப் படிப்பதில் நம்மவர்க்குத் தனி ஆர்வம் உண்டு. வீரகேரளம்புதூருக்குத் தொலைவில்லாத செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன், மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தாமும் மாண்டது 1911 ஜூன் 17. தாஜ்மஹாலில் துயிலும் மும்தாஜ் பேகம் புர்ஹான்பூரில் கண்மூடியது 1631 ஜூன் 17. இரண்டையும் ஒரே தாளில் காண்கையில் உள்ளம் சற்றுத் திடுக்கிடவே செய்கிறது. ஆனால் ஹிஜ்ரிக் கணக்கில் பேகம் மறைந்தது துல்கஅதா. ஆஷ் சுடப்பட்டதோ ஜமாதுல் ஆகிர். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவாதலால், ஒரு கணக்கில் கைகோத்து நின்ற நாட்கள் மறு கணக்கில் பிரிந்துபோகின்றன.

அப்படியானால், மெய்யாகவே ஒரே பகலில் நிகழ்ந்தவை? பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இதற்கு விடையுண்டு. மாரியத்துல் கிப்திய்யா நாயகியார் ஈன்ற அருமைப் புதல்வர் இப்ராஹீம், இரண்டு வயதும் நிரம்பாத நிலையில் மதீனாவில் மறைந்தார். அன்றே சூரியனைக் கிரகணம் பற்றியது. நபிமகனுக்காக வானமும் துக்கம் காக்கிறது என்று மக்கள் பேசினர். பகைவர் சொன்னதன்று, அன்புடையோர் சொன்னது. பேசாதிருந்தாலே போதும், அது நிலைத்திருக்கும். மைந்தனை இழந்த துயரம் ஆறாத அப்பொழுதிலும், சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றைக் கிரகணம் பற்றுவதில்லை என்று பெருமானார் மறுத்துரைத்தார்கள். தமக்குப் பெருமை சேர்க்கும் பேச்சைத் துக்க நாளில் மறுப்பது எத்துணைக் கடினம்!

அந்நாள் 632 ஜனவரி 27 என எகிப்திய வானியலறிஞர் மஹ்மூது பாஷா 19ஆம் நூற்றாண்டில் கணித்தார். (ரபீயுல் அவ்வல் பிறை 10 என்ற வாகிதீயின் கூற்றை இப்னு தைமிய்யா ஏற்கவில்லை; சூரிய கிரகணம் சந்திர மாதக் கடைசியில்தான் நிகழும் என்பது அவர் வாதம். ஓதும் பிள்ளைகள் இவ்விடத்தில் தவறாது விழித்துக்கொள்வர்.)

தாம் பிறந்த திங்கட்கிழமையில் நோன்பு நோற்றதும், மூஸா (அலை) அவர்களின் விடுதலைக்காக ஆஷூராவைச் சிறப்பித்ததும் நபிகளார்தாமே என வினவலாம். ஆம். நன்றி செலுத்த ஒரு நாளைக் கொள்வது வேறு. அந்த நாளே நன்மை தீமையை விளைக்கும் என அஞ்சுவது வேறு. ஹிஜ்ரி 61இல் அதே ஆஷூராவன்று கர்பலாவில் ஹுஸைன் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். விடுதலையும் படுகொலையும் ஒரே பிறையில்! வாளேந்தியவரை விட்டுவிட்டுப் பிறையைப் பழிப்பது நீதியாகுமா?

நம் பக்கத்தில் சஃபர் மாதத்தில் நிக்காஹ் வைக்கத் தயங்கும் வீடுகள் உண்டு. ஒடுக்கத்துப் புதனன்று மாவிலையில் எழுதிக் கரைத்த நீரில் குளிப்போரும் உண்டு. சஃபரில் பீடை இல்லை என நபிகளாரே அறிவித்திருக்க, பெண்ணைப் பெற்றவர் வாங்கிய கடனோடு இன்னொரு மாதம் காத்திருக்கிறார்.